குழந்தைகளிடம் பாடம் படித்த டாக்டர்



இன்ஜினீயர் ஆகவேண்டும் என்று டெக்னிக்கல் ஸ்கூலில் சேர்ந்த ஒரு பெண்ணின் கதையை நம் ஆண்டு மலருக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னதும், பாலம் கட்டியவரா, எஞ்சின் செய்தவரா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. மரியா மாண்டிசோரி அம்மையார்! அட, அது எல்.கே.ஜி. ஸ்கூல் பேராச்சே என்று சிரிக்காதீர்கள். தெருவுக்குத் தெரு பலகையில் தொங்கும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்மைப் போலவே டிராயிங் போர்டும் கணக்குமாகத் திரிந்தவர். அவர் கண்டுபிடித்த விஷயம் நர்சரி பிள்ளைகளைவிட நமக்குத்தான் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? முதலாம் ஆண்டில் எங்கள் வகுப்பில் என் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தமிழ் மீடியம். ஊரில் அவன் மாமாவின் பம்புசெட் பட்டறையில் வளர்ந்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் மோட்டாரைக் கழற்றி மாட்டுவான். போர்டில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் காப்பி பண்ணுவான். என்ன எழுதினான் என்று மட்டும் தெரியாது. இரண்டாம் செமஸ்டர் முடிவில் ஆறு அரியர். மூன்றாம் செமஸ்டருக்கு அவன் வரவில்லை. மக்குப் பையன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அந்த வார்த்தை என் மனசில் முள்ளாகத் தைத்திருந்த சமயத்தில்தான் நூலகத்தில் மாண்டிசோரியின் வாழ்க்கை வரலாறு கைக்குக் கிடைத்தது. மக்கு என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம்தான் அந்த அம்மாவின் வேலையே தொடங்கியிருக்கிறது.

இத்தாலி நாட்டில் கியரவாலே என்ற சின்ன ஊரில் 1870 ஆகஸ்ட் 31 அன்று பிறந்தார் மரியா. அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். அம்மா ரெனில்டே நன்றாகப் படித்தவர். 1875-ல் குடும்பம் ரோம் நகரத்துக்கு வந்தது. 13 வயதில் மரியா சேர்ந்தது பையன்கள் படிக்கும் டெக்னிக்கல் ஸ்கூலில். அதற்குப் பிறகு டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டில் 1890 வரை படிப்பு. மெக்கானிக்கல் வகுப்பில் நான்கே பெண்களாக உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்த நிலைமை நன்றாகப் புரியும். படிப்பு முடிகிற நேரத்தில் மனசு மாறி, டாக்டராக வேண்டும் என்று நின்றார். அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. அம்மா துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஆண்களோடு ஒரு பெண் நிற்கக்கூடாது என்று விதி. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு தனியாக அந்த அறையில் இருந்து படித்திருக்கிறார். நாற்றம் தாங்காமல் புகை பிடித்தாராம். 1896-ல் பட்டம். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று பல புத்தகங்களில் அச்சடித்திருக்கும். அது சரியில்லை, அவருக்கு முன்பே சில பெண்கள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அதனால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

பட்டம் வாங்கியதும் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் வேலை. அந்த வேலையில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். கையில் எடுத்துப் பார்க்க ஒரு சாமான் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்களாம். காவல்காரிக்கு அது அசிங்கமாகப் பட்டது. மாண்டிசோரிக்கு அது பசியாகப் பட்டது. வயிற்றுப் பசி இல்லை, கைகளின் பசி!

இந்தப் பிள்ளைகளுக்கு மருந்தைவிடப் பாடம்தான் வேண்டும் என்று முடிவு செய்து, இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் எழுத்துகளைத் தேடிப்பிடித்தார். ஒருவர் இட்டார், காட்டில் பிடிபட்ட ஒரு பையனுக்குப் பாடம் சொல்லிப் பார்த்தவர். இன்னொருவர் அவருடைய சீடர் செகுவான். செகுவானின் 600 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தை இத்தாலிய மொழியில் தன் கையாலேயே மொழிபெயர்த்து எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவாம். (நாமும் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறோமே!) 1900-ல் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்குமாக ரோமில் தொடங்கிய பள்ளியை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. சில குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையையே எழுதித் தேறினார்கள். ஊரே மெச்சியது. அவருக்கோ சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் பெரிசாக இருந்தது. மூளை வளராதவர்கள் இந்த அளவு வந்தார்கள் என்றால், நல்ல மூளையோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஏன் அதே அளவில் நிற்கிறார்கள்? பள்ளியில் அவர்களுக்கு என்னதான் நடக்கிறது? இந்தக் கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு சின்னச் சம்பவம். ஒரு சிறுமிக்குத் தையல் சொல்லித்தந்தார்கள். எத்தனை தடவை காட்டியும் ஊசி மேலும் கீழும் போகவேண்டிய விதம் அவளுக்குப் பிடிபடவில்லை. மாண்டிசோரி ஊசியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, பட்டையான காகிதத்தை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் மாதிரி பின்னச் சொன்னார். அது கைக்கு நன்றாகப் பழகிய பிறகு ஊசியைக் கொடுத்தால், தையல் வந்துவிட்டது! தையலைச் செய்யவைத்தே தையலைப் பழக்க வேண்டும் என்பதில்லை. அந்த வேலைக்குள் என்னென்ன அசைவுகள் அடங்கியிருக்கின்றன என்று பிரித்து, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பழக்கிவிடலாம். ஒரு அசெம்பிளியை உதிரிப் பாகங்களாகப் பிரித்துப் பார்க்கிற புத்தி இது. அவர் படித்த டெக்னிக்கல் ஸ்கூல் வீண் போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது 1907. ரோமில் சான் லொரன்சோ என்று ஏழைகள் பேட்டை. கட்டட வியாபாரம் நொடித்துப்போய் அரைகுறையாக நின்ற வீடுகளை ஒரு கம்பெனி சீர்செய்து வாடகைக்கு விட்டது. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத வாண்டுகள் புதுச் சுவரில் கிறுக்கி, படிக்கட்டை நாசம் பண்ணிக்கொண்டிருந்தன. சுவரைக் காப்பாற்ற யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று கம்பெனி நினைத்தது. உலகம் பூராவும் பரவிய கல்விமுறை பிறந்த காரணம் வெள்ளையடித்த செலவு! 1907 ஜனவரி 6 அன்று, மார்சி தெரு 58-ம் எண் கட்டடத்தில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பயிற்சி பெற்ற டீச்சர் கிடையாது. அங்கேயே குடியிருந்த ஒரு பெண்ணைப் பொறுப்பில் வைத்து, தான் செய்துவைத்த சாமான்களைக் கொடுத்துவிட்டு, மாண்டிசோரி செய்த முக்கிய வேலை என்ன தெரியுமா? உட்கார்ந்து கவனித்தது.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்துவாள், எல்லாவற்றையும் எடுப்பாள், கலைப்பாள், மறுபடி பொருத்துவாள். சுற்றி நின்று மற்ற பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள். கவனம் கலையவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். மடியில் கட்டையை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து, தானாகவே நிறுத்தி, தூங்கி எழுந்தவள் மாதிரி தெளிவாகச் சிரித்தாளாம். மூன்று வயதுக்குக் கவனம் நிற்காது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

இந்த இடத்தில் நம் ஃபிட்டிங் ஷாப்புக்கு வாருங்கள். அந்தக் கட்டையில் பத்து உருளை, பத்துக் குழி. ஒரு உருளையைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் நிற்கும். தப்பு என்று சொல்ல டீச்சர் வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். நாம் ஸ்கொயர் ஃபிட்டிங் செய்யும்போது என்ன செய்கிறோம்? ஆண் துண்டையும் பெண் துண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறோம். ஒளிக்கீற்று தெரிகிற இடத்தில் இன்னும் இரண்டு இழுப்பு அரம் போடுகிறோம். மறுபடி பிடித்துப் பார்க்கிறோம். எத்தனை தடவை என்று யாராவது எண்ணினோமா? யாராவது திட்டினார்களா? ஷாப்பில் மூன்று மணி நேரம் போவதே தெரியாததும், தியரி வகுப்பில் ஐம்பது நிமிஷம் நகராததும் இதனால்தான். ஒன்றில் என் தப்பு அப்போதே என் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றதில் மூன்று மாதம் கழித்து மார்க் ஷீட்டில் தெரிகிறது, அதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும்.

ஒரு நாள் டீச்சர் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டுத் தாமதமாக வந்தார். பிள்ளைகள் தாங்களே சாமான்களை எடுத்து அமைதியாக வேலையில் இருந்தார்கள். திருட்டு என்று நினைத்தார் டீச்சர். மாண்டிசோரி பூட்டையே எடுத்துவிட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான அலமாரிகளைச் செய்யச் சொன்னார். லேப்பில் எத்தனை கருவிகள் கண்ணாடிக்குள்ளேயே வயதாகிப் போகின்றன என்று நான் இங்கே எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகினார்கள். தனியாக, உலோகச் சட்டத்துக்குள் பென்சிலை ஓட்டி வட்டமும் முக்கோணமும் வரைந்து கோடு போட்டார்கள். நம் டெம்ப்ளேட் மாதிரிதான். இன்னொரு பக்கம் வெட்டிய எழுத்துகளை அடுக்கி வார்த்தை சேர்த்தார்கள். ஆனால் யாரும் எழுதச் சொல்லவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் ஒரு வெயில் நாள், மொட்டைமாடியில் ஐந்து வயதுப் பையனிடம் சாக்பீஸ் கொடுத்து எதிரே தெரியும் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் சும்மா இருக்காமல் பக்கத்திலேயே கை என்ற வார்த்தையை எழுதினான்! அப்புறம் தரையெல்லாம் எழுத்து. மற்ற பிள்ளைகளும் ஓடிவந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே நாளில் வந்த அதிசயம் என்று பத்திரிகைகள் எழுதின. அதிசயம் ஒன்றுமில்லை. கையும் கண்ணும் காதும் தனித்தனியாகத் தயாராகியிருந்தன, சேரவேண்டிய நாளில் சேர்ந்தன.

புதுப் பெயர் சொல்லித்தரும் முறை ஒன்று செகுவானிடமிருந்து எடுத்து அவர் பயன்படுத்தினார். மூன்று படி. முதலில் பொருளைக் கையில் கொடுத்துப் பெயரைச் சொல்வது. இரண்டாவது, அந்தப் பெயருள்ளதை எடுத்துக் காட்டச் சொல்வது. இதில்தான் நிறைய நேரம், விளையாட்டு மாதிரி. மூன்றாவதுதான் இது என்ன என்று கேட்பது. இரண்டாவது படியில் தடுமாறினால் திட்டு கிடையாது. பாடத்தை அங்கே நிறுத்திவிட்டு இன்னொரு நாள் முதலிலிருந்து. நம் வகுப்புகளில் முதல் படி முடிந்ததும் நேராக மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம். வெர்னியரைப் போர்டில் வரைந்து காட்டிவிட்டு, லீஸ்ட் கவுன்ட் என்ன, எழுந்து நில்! நடுப்படி எங்கே போச்சு? பத்து நிமிஷம் கருவியைக் கையில் கொடுத்து, மெயின் ஸ்கேலைக் காட்டு, ஜீரோ கோட்டைக் காட்டு என்று கேட்டிருந்தால் என் பின் பெஞ்சு நண்பன் முதல் ஆளாகக் காட்டியிருப்பான். அவனுக்கு இங்கிலீஷில் வாய் திறக்கத்தான் பயம், விரல் நீட்டப் பயமில்லை.

இன்னொன்றும் உண்டு. இளஞ்சிவப்புக் கோபுரம் என்று பத்து மரக் கனசதுரங்கள் செய்தார், 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை. எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். அளவு மட்டும் வேறு. ஒரு சமயத்தில் ஒரு கஷ்டம் மட்டும்! நமக்கு முதல் டிராயிங் வகுப்பிலேயே ஷீட் ஒட்டுவது, லெட்டரிங், ஸ்கேல், ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. எங்கள் சாரில் ஒருவர் மட்டும் சோப்புக் கட்டிகளைக் கொண்டுவந்து பிளேடால் அறுத்து, மேலே இருந்து பார், பக்கத்திலிருந்து பார் என்று சுற்ற விட்டார். அன்றைக்குப் புரிந்த செக்‌ஷன் வியூ இன்றுவரை மறக்கவில்லை. அவர் மாண்டிசோரியைப் படித்தவரா என்று கேட்கவில்லை. படிக்காமலே மாணவன் எங்கே மாட்டிக்கொள்கிறான் என்று கவனிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

1909-ல் அவருடைய முறையை விளக்கும் புத்தகம் வந்தது. 1912-ல் ஆங்கிலத்தில். 1913-ல் அமெரிக்காவில் கார்னகி ஹாலில் பேசினார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்து வகுப்பு நடத்தி ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். எதிர்ப்பும் இருந்தது. கில்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1914-ல் ஒரு சின்னப் புத்தகமே எழுதி, மனோதத்துவம் பழசு, சாமான்களில் கற்பனைக்கு இடமில்லை என்று போட்டுத் தாக்கினார். அமெரிக்காவில் அந்த அலை அடங்கிப்போய், 1960 வாக்கில்தான் மறுபடி எழுந்தது. எந்தக் கல்விமுறையும் வாதத்தால் மட்டும் நிற்காது. 2006-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், ஒரு மாண்டிசோரி பள்ளிக்குக் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் இடம் கிடைத்தவர்களே முன்னால் நின்றார்கள். கில்பாட்ரிக் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அவரைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. கூட வேலை பார்த்த டாக்டர் மொன்டெசானோவோடு பழகி, 1898-ல் மரியோ என்ற மகன் பிறந்தான். கல்யாணம் ஆகவில்லை. அந்தக் காலத்து இத்தாலியில் வெளியே தெரிந்தால் வேலையும் பெயரும் போய்விடும். குழந்தையைக் கிராமத்தில் வளர்க்கக் கொடுத்துவிட்டு, ஊர்க் குழந்தைகளுக்காக உழைத்தார். பையனுக்குப் பதினைந்து வயது ஆகும்போதுதான் தன்னோடு வைத்துக்கொண்டார். அப்போதும் ஊருக்கு உறவுக்காரப் பையன் என்றுதான் சொன்னது. முசோலினி ஆட்சி பள்ளிகளுக்கு ஆதரவு தந்தபோது ஏற்றுக்கொண்டார். குழந்தைகளை ராணுவ மிடுக்கில் வளர்க்க நினைத்தவனோடு எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-ல் முறிந்தது, அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனால் அங்கே 1936-ல் உள்நாட்டுப் போர். கடைசியில் ஹாலந்து.

இனி நம் ஊர்! பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்கு மகனோடு வந்து இறங்கினார். வயது 69. (ஆமாம், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியின் கணவர்தான் அருண்டேல்.) ஓலைக்கொட்டகைகளில் வகுப்பு, முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அம்மா இத்தாலியில் பேச மகன் ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இவர்கள் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மாவுக்கு அடையாறு தோட்டத்தைத் தாண்டத் தடை. 1940 ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்த நாளன்று மகனை விடுவித்து அனுப்பினார்கள். அப்புறம் கொடைக்கானலில் ஏறக்குறைய இரண்டு வருஷம். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, செடி, பூச்சி, பாறை, நட்சத்திரம் என்று மலையையே பாடமாக்கினார். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கான அவருடைய முறை அந்த மலையில்தான் உருவானது. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்.

அந்த வாசனை நம்மிடமும் இருக்கிறது, தெரியுமா? அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் ஞாபகப்படுத்திப் பாருங்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படி அட்டையைப் பார்த்து நமக்கான கார்டை நாமே எடுத்துவந்து படித்தோமே, சுவரில் நம் உயரத்துக்குக் கரும்பலகை இருந்ததே! 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் அது. மாண்டிசோரியின் வழியும் ரிஷிவேலி பள்ளியின் அனுபவமும் அதில் கலந்திருந்தன. நாலாம் வகுப்பு வரை தானாக எடுத்துப் படித்த கை, பாலிடெக்னிக் வந்ததும் டிக்டேஷனுக்கு மட்டும் பழகிக்கொண்டது. இதை நம் ஆசிரியர்களிடம் குறையாகச் சொல்லவில்லை. அறுபது பேர் வகுப்பு, முடிக்கவேண்டிய சிலபஸ், அவர்களுக்கும் கை கட்டியிருக்கிறது. ஆனால் ஒரு யூனிட்டுக்கு ஒரே ஒரு பீரியட், கருவியைப் பெஞ்சுக்குப் பெஞ்சு சுற்றவிட்டு நடுப்படிக்கு ஒதுக்க முடியும் என்று நினைக்கிறேன். சங்கத்தின் சார்பில் கேட்டுப் பார்க்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளில் இந்த வருஷமும் எழுதிக்கொண்டே காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

1946-ல் ஐரோப்பா திரும்பிய அம்மையார், மறுவருஷமே மறுபடி இந்தியா வந்து 1949 வரை வகுப்பெடுத்தார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 என மூன்று வருஷம் பெயர் போனது, கிடைக்கவில்லை. தள்ளிப்போட்ட பெருமையை இத்தாலி பின்னால் ஈடுகட்டியது. யூரோ வரும்வரை அந்த நாட்டு 1000 லிரா நோட்டில் அவர் முகம்தான். 1952 மே 6 அன்று ஹாலந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் உயிர் பிரிந்தது. வயது 81. ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுப்பது பற்றி அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவரை அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் தொடங்கிய சங்கத்தை மரியோ பிறகு முப்பது வருஷம் நடத்தினார்.